எச்சம்

மூன்று கிலோமீட்டர்.
எல்ட்யோ ஹாம்மிங்காவின் மாட்டுக்கொட்டகைக்கு நேர் கீழே
நடுக்கம் பிறக்கும் இடம் அவ்வளவு பக்கம்.
பால் வண்டி போய்வரும் தூரம்தான், செங்குத்தாக.

வீப்ரிக்கின் சூத்திரம் வேறு நாடுகளில் வளர்ந்தது.
மலைகளுக்கு அடியில், ஆழத்தில் உடைவதை
எட்ட நின்று கேட்டுப் பழகியது.
பக்கத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால்
தூரத்தில் தெரிந்ததையே
கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்.

க்ரோனிங்கனில் அறுபது வருடம் எரிவாயு எடுத்தார்கள்.
மணற்பாறை அமுங்கியது.
பழைய பிளவொன்று தோள் மாற்றிக்கொண்டது.
மேலே உப்புப் படலம், அலையை வளைத்து அனுப்பும்.
அதற்கும் மேலே கடல் விட்டுப்போன களிமண்,
வாங்கியதை வட்டியோடு கொடுக்கும்.
எல்லாம் அவள் கணக்கில் இருக்கிறது.

பிப்ரவரி, இரவு இரண்டு நாற்பது.
திரையில் எல்லாப் புள்ளிகளும் கோட்டை ஒட்டி உட்கார,
ஒன்று மட்டும் நாலு மடங்கு உயரத்தில்.
கணித்ததற்கும் நடந்ததற்கும் நடுவே மிஞ்சுவதை
எச்சம் என்கிறேன் நான்.
கருவிக் கோளாறு, தூக்கிவிடு என்கிறார்கள் அலுவலகத்தில்.
அந்தக் கோட்டை வைத்துத்தான்
எந்தச் சுவருக்குப் பணம் என்று முடிவாகும்.

காரை எடுத்துக்கொண்டு போனாள்.

கொட்டகைச் சுவருக்கு மரக்கட்டை முட்டு.
விரிசல்கள் ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலில் தேதி.
கருவிப் பெட்டிமேல் புறா எச்சம்.
(இதுவும் எச்சம்தான், என்ன செய்ய.)
துடைத்துவிட்டு ஆட்டிப் பார்த்தாள்.
போல்ட் இம்மி அசையவில்லை.

"எவ்வளவு நேரம் ஆடியது?"
அவர் விரலைச் சொடுக்கினார்.
"ஆடவே இல்லை. கீழேயிருந்து ஒரு உதை.
மாடுகள் எழுந்துவிட்டன. நான் எழவில்லை.
எழுந்து எங்கே போவது?"

திரும்பும் வழியெல்லாம் மழை, காற்றாலைகள்.
சமையலறையில் கெட்டிலுக்கு அடுப்பை மூட்டினாள்.
நீலமாக, சத்தமில்லாமல், அது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

புள்ளியை அவள் அழிக்கவில்லை.
தூரம் பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில்
தன் கோட்டின் இருபுறமும் நிழலை அகலமாக்கினாள்.
இங்கே எனக்குத் தெரியாது என்பதன் வடிவம் அது,
கீழ்நோக்கிய புனல் போல.

அங்கே எல்ட்யோ
புதிய விரிசலுக்குத் தேதி எழுதி,
மாடுகளுக்குத் தண்ணீர் வைத்து,
விளக்கை அணைத்து,
சுவர்ப்பக்கம் முதுகு காட்டிப் படுத்து