அளவு நோட்டு

ஓட்டேரியில் யாராவது குரலைத் தாழ்த்தி
"அடையாறு போயிட்டு வரேன்" என்றால்
பீச்சுக்கு என்று யாரும் நினைப்பதில்லை.
நோயின் பெயரை வாயில் வைக்காதிருக்க
ஒரு பேட்டையின் பெயரையே
கடன் வாங்கி வைத்திருக்கிறோம்.

அமலோற்பவம் அப்படிச் சொல்லவில்லை.
கடைக்குள் வந்து திரையை இழுத்துவிட்டு
"கேன்சர். இடது பக்கம் எடுத்துட்டாங்க.
பையன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கணும்" என்றாள்.
மின்வாரிய கவுன்ட்டரில்
சில்லறை இல்லாதவர்களிடம் பேசும் அதே குரல்.

பதினெட்டு வருஷமாக என் நோட்டில் இருக்கிறாள்.
மார்பு முப்பத்தெட்டு. கை பத்தரை.
டேப் கையில் இருந்தது.
எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை.

பஞ்சு வைத்தேன். கனமில்லை,
தோள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டது.
கேழ்வரகு வைத்தேன்.
"ஐப்பசி மழையில முளைச்சா என்னடி பண்றது?"
அவள் சிரித்த சிரிப்பில்
ஊசி என் விரலில் ஏறியது.
கடைசியில் ஈவினிங் பஜாரில் அரைக் கிலோ பாசிமணி.
"எவ்வளவு கனம்க்கா வேணும்?"
"யாருக்குத் தெரியும்,
எடை போட்டா எடுத்தாங்க?"

போட்டுப் பார்க்க வந்த நாட்களில்
துண்டு துண்டாகச் சொன்னாள்.
"உன் பாஷையில சொல்றேன் கேளு.
உடம்பு ஓயாம தைச்சுக்கிட்டே இருக்கு,
பழசு நைஞ்சா புதுசு.
துணி முடிஞ்சா காலை எடுக்கணும், இல்லியா?
ஒரு இடத்துல மட்டும்
காலை எடுத்தும் மெஷின் நிக்கல."

மருந்து ஏற்றினால் முடி ஏன் கொட்டுகிறது என்றேன்.
வேகமாய் வளர்வதையெல்லாம் அடிக்குமாம்,
நல்லது கெட்டது பார்க்காதாம்.
"நல்லது திரும்பி வரும்" என்று
தலைத்துணியை விலக்கிக் காட்டினாள்.
அரை இஞ்ச். சுருட்டை.
அவளுக்குச் சுருட்டை முடி இருந்ததே இல்லை.

"அப்புறம் கரண்ட் வெச்சாங்க,
கரண்ட் ஆபீஸ்காரிக்கே!"
நெஞ்சில் பேனாவால் கோடு போட்டு
அஞ்சு வாரம் அழியக்கூடாது என்றார்களாம்.
என் சாக் கோடு
முதல் துவையலில் போய்விடும்.

எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டர்.
இடது பக்கம் இறுக்குதுன்னு வந்தேன்,
நீ பிரிச்சு விட்டியே."

அவள் போனபின் பக்கத்தைப் புரட்டினேன்.
என் கையெழுத்துதான்:
*இடது கால் இஞ்ச் லூஸ்.*
அதற்கு எட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.
இருபது ரூபாய் வாங்கினேனா என்று
ஞாபகம் இல்லை.

மறுநாள் அவளே போன் செய்தாள்.
"உன்னைச் சொல்லலடி.
நானும் தொட்டுப் பார்த்தேன். வலிக்கல.
வலிக்காத கட்டி நல்ல கட்டின்னு
வருஷம் பூரா விட்டது நான்தான்."

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு
கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.
ஆயிரம் பெண்களை அளந்த என்னை
அன்று ஒரு நர்ஸ் விரல்களால் அளந்தாள்,
அக்குள் வரை, அவசரமில்லாமல்.
கர்ப்பப்பை வாயில் வினிகர் போல் எதையோ தடவி
ஒரு நிமிஷம் காத்திருந்தாள்.
அந்த ஒரு நிமிஷத்தில்
மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியது என்று
என்னால் சொல்ல முடியும்.
"வெள்ளையா எதுவும் மாறல.
மூணு வருஷம் கழிச்சு வாங்க.
பொண்ணு இருக்கா? பதினொண்ணா?
அவளுக்கு ஊசி போட்டுடுங்க, இது வராம இருக்க."
தீபாவளி ஆர்டர்களுக்கு நடுவே
இரண்டு தேதியையும் எழுதி வைத்தேன்.

இப்போது அளவெடுக்கையில்
கழுத்து எவ்வளவு ஆழம், கொக்கி முன்னாலா பின்னாலா,
அதோடு இன்னொன்றும் கேட்கிறேன்:
புதுசாய் ஏதாவது தட்டுப்படுதா?
சிலர் முறைக்கிறார்கள்.
ஒருத்தி துணியைப் பிடுங்கிக்கொண்டு
எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

நோட்டில் அவள் பெயர் இருக்கிறது,
நேரே அளவு எதுவும் இல்லாமல்.
அடிக்கவில்லை நான்.