கடைசிக் குழாய்

வெள்ளம் வடிந்து ஐந்து நாள்.
முக்கூடல் உறைகிணற்றின் மேல்
ஒரு வாழைத்தாரும் யார் வீட்டுப் பச்சைக் குடமோ ஒன்றும்.
மோட்டார் ரூம் சுவரில்
முழங்கால் உயரத்துக்குச் சேற்றின் கோடு.

பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தபடி
உக்கிரபாண்டி சொல்கிறான்:
"மூஞ்சியத் திருப்பிக்கிடுங்க மேடம்."
திருப்பிக்கொண்டாலும் கண்ணீர் வருகிறது.
இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில்
நான் அழுததெல்லாம் இந்த வாளிக்கு முன்னால்தான்,
ஒருமுறை தவிர.

கரைக்கிறோம். தெளியவிட்டு
மேல்தண்ணீரை மட்டும் தொட்டியில் இறக்குகிறோம்.
உள்ளே நடப்பதை நான் பார்த்ததில்லை.
பாடப்புத்தகத்தில் கொலை என்று இல்லை,
ஆக்சிஜனேற்றம் என்று இருந்தது. ஐந்து மார்க்.

சொல்லப்போனால் அது களவு.
கிருமியின் சுவரில் எதிர்மின்சுமை;
அதே சுமையோடு வருகிறவனை எட்டித் தள்ளிவிடும்.
சுமையே இல்லாமல்
வெறுங்கை வீசிக்கொண்டு வருகிறவனைத்
தடுக்க அதற்குத் தெரியாது.
வந்தவன் எடுக்கிறான்.
இந்தப் புரதத்தில் ஓர் எலக்ட்ரான்,
அந்தக் கொழுப்பில் இன்னொன்று.
அழகாய் மடிந்து கிடந்ததெல்லாம் பிரிந்து
வெந்த முட்டையின் வெள்ளையாய்க் கட்டிப்போகிறது,
அடுப்பில்லாமலே.
சுவர் ஒழுகுகிறது.
இரண்டாகப் பிரியக் காத்திருந்தது
ஒன்றாகவும் இல்லை இப்போது.

இரும்பில் துரு ஏறுவதும் இதுதான்.
நேற்றுக் கண்ணாடிச் சில்லு கிழித்த என் பெருவிரலில்
வீக்கத்துக்கு அடியில், என்னைக் கேட்காமல்,
வெள்ளணுக்கள் இதே மருந்தைக் காய்ச்சுகின்றன.
அவற்றுக்கு யாரும் மூட்டை இறக்கவில்லை.

"ஆத்துத் தண்ணிய மருந்து நாத்தமாக்கிட்டியளே"
என்கிறார் டீக்கடை நம்பிராசன்.
அவர் குழாயில் பிடித்த தண்ணீரில்
ஐந்து சொட்டு விடுகிறேன்: நல்ல மஞ்சள்.
பஜாரில் மஞ்சள்.
பீடிக் கம்பெனித் தெருவில்
எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் அளவுக்கு.

கிருமி எது, இலைமட்கு எது என்று
மருந்துக்குப் பேதமில்லை.
குழாய்த் துருவிலும் வண்டலிலும்
அகப்பட்டதையெல்லாம் பறித்துப் பறித்து
வழியிலேயே தீர்ந்துபோகிறது.
வழியின் முடிவில் ஒரு தெரு இருக்கிறது.

"கண்ணாடி மாதிரி வருது மேடம், நல்லாருக்குல்லா?"
மடியில் பீடித் தட்டோடு எப்சிபா.
குழாயைத் தூக்கி வெயிலில் பார்த்தேன்.
நிறமே இல்லை.
ஐந்து சொட்டு, மறுபடி ஐந்து.
அந்தப் பக்கம் நிற்கும் அவள் முகம்
அப்படியே தெரிகிறது.

முந்தின ஆடியில் இந்தக் குழாய்க்கு
நான் வரவில்லை. வெயில்.
மோட்டார் ரூம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து
பாயிண்ட் இரண்டு என்று எழுதினேன்.
அம்பை ஆஸ்பத்திரியில் பதினோரு பேர்.
பத்துப் பேர் திரும்பி வந்தார்கள்.
எப்சிபாவுக்கு அந்த ரிஜிஸ்டர் தெரியாது.

"ஊத்திருங்க. குடத்தையும் கழுவிருங்க."
உக்கிரபாண்டிக்குப் போன் போட்டுவிட்டு
குழாயடிக் கல்லில் உட்கார்ந்தேன்.
அவள் இலை வெட்டினாள், நூல் சுற்றினாள்,
போகச் சொல்லவில்லை.

பொழுது சாய வாடைதான் முதலில் வந்தது.
"சே, நாறுதே" என்று மூக்கைப் பொத்தினாள்.
சோதனைக் குழாயின் அடியில்
இருக்கிறதா இல்லையா என்று
இரண்டு தரம் பார்க்கவேண்டிய ஒரு மஞ்சள்.

மூன்று தரம் பார்த்தேன்.
எழுதினேன்.