நாற்பத்தைந்து

நெற்குப்பையில் ஒரு வீடு பதினோரு பங்காய் உடைந்தபோது
தேக்குக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை,
"இந்தக் கருப்புத் தட்டு? சும்மா ஏத்திட்டுப் போங்க."
ஏற்றினேன். பிஸ்கட் டின்னில் பதினாறு தட்டு,
ஒவ்வொன்றின் நடுவிலும் வடைபோல் ஓட்டை.

ரங்கூன் போன வீடு, பினாங்கு போன வீடு.
அரபு தேசம் போனது யார்?
பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை.
முதலாளி வள்ளிக்கண்ணு சுண்ணாம்பு டப்பி மூடியில் ஆணி அடித்து
ஓட்டைக்கு ஓட்டை கண்டுபிடித்தார்.
தட்டு சுற்றியது.
கிணற்றுக்குள் இறங்கி ஒருவன் அழுதான்.
பின்னால் மாட்டு வண்டி ஏறாத மேடு ஏறுவதுபோல் மேளம்.
"யாரோ தவறிட்டாங்க," என்றார் முதலாளி.
மூன்று நாள் அந்த எழவுக்குப் போய் வந்தோம்.
விளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்தபடியே
நானும் கொஞ்சம் துக்கப்பட்டேன்.

நாலாம் நாள் உறையின் உள்பக்கம் கண்டேன்,
பென்சிலில், தமிழில், அடிக்கோடு போட்டு:
வேகம் கூட்டு.

நமக்கு முன்னாலும் ஒரு மடையன்!
குமிழைத் திருப்பினேன்.
அழுதவன் பெண்ணானான்.
பதினெட்டு வயதிருக்கும், இருபது.
ஆர்கன், கைதட்டல், மின்சார கிதார்,
யாரோ பின்னாலிருந்து சீட்டி அடிக்கிறார்கள்.
முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
"மூணு நாள் ஏமாத்திட்டாளே" என்றார்.

பெயர் வேண்டும். பெயரில்லாமல் விலை இல்லை.
எதிர்க்கடை மெத்தை வியாபாரி நைனா முகம்மதைக் கூப்பிட்டோம்.
இளையான்குடிக்காரர், ஓதத் தெரிந்தவர்.
லேபிளை வெளிச்சத்தில் சாய்த்தார்.
"எழுத்து தெரியுது. மேலே கீழே குறி போடல.
சல்மாவா, சுலைமாவா, சலீமாவா...
எப்படியும் வாசிக்கலாம் தம்பி."
மூன்று பேரையும் சீட்டில் எழுதி ஒட்டினேன்.

"பாட்டு என்ன சொல்லுது?"
"ஓதத்தான் தெரியும். அர்த்தம் வேற படிப்பு.
ரியாத்தில் நாலு வருஷம் துணி வெளுத்ததில்
பதினஞ்சு வார்த்தை தேறும்."
காதைத் தட்டுக்கு அருகில் கொண்டுபோனார்,
பாட்டுக்கு அல்ல, பிசகிய எந்திரத்துக்குக் கொடுப்பதுபோல்.

சட்டென்று சிரித்தார்.
"புக்ரா! புக்ராங்கிறா!
நாளைக்குன்னு அர்த்தம்.
சம்பளம் கேட்டா எங்க முதலாளி சொன்னது.
நாலு வருஷம் இதையேதான் சொன்னான்."
சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

அவள் வாக்குக் கொடுக்கிறாளா,
எவனோ கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்கிறாளா?
நைனாவுக்குத் தெரியவில்லை.
"இன்னொரு தடவை போடு."
போட்டேன். இன்னொரு தடவை. மெத்தை வாங்க வந்தவர்கள்
எதிரே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏழாவது முறை கரண்ட் போனது.
தட்டு உடனே நிற்கவில்லை.
அவள் குரல் தடித்து, இறங்கி,
மறுபடி அந்தக் கிணற்று ஆம்பிளையாகி
"புக்..." என்றான்.
மூடி லேசாக ஆடியது.

யாரும் எழுந்திருக்கவில்லை.