வாடகை உடுப்பு

ஊத்துக்கோட்டையில் பஸ் திரும்பும் இடத்தில் என் கடை.
சத்தியவேடு போகிறவர்கள் சில்லறை கேட்டு வருவார்கள்.
ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மட்டும்
பிள்ளையை யாராக மாற்றலாம் என்று கேட்டு வருவார்கள்.

கண்ணன் நாளுக்கு நூறு, புல்லாங்குழல் தனி.
டாக்டர் எண்பது.
பாரதமாதா இருநூறு, கிரீடத்தில் கல் உதிர்ந்தால் அபராதம்.
கடைசிக் கொக்கியில் 'ஆதிவாசி செட்':
சாக்கில் தைத்த பாவாடை, பிளாஸ்டிக் இலை,
வாத்து இறகு, வில், ஒரு ரப்பர் பாம்பு.
முகத்துக்குக் கறுப்பு மை இலவசம்.
தைத்தது நான்தான்,
மொத்தக் கடையில் ஒரு படத்தைப் பார்த்து.
ஏழு வருஷமாக நல்ல ஓட்டம்.

பொங்கல் முடிந்த வாரம் எல்லப்பன் வந்தார்.
சூளையிலிருந்து நேராக, முழங்கால் வரை செம்மண்.
செருப்பை வாசலில் விட்டார்.
வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
கூட மகள் தேசம்மா, மூன்றாம் வகுப்பு.
பள்ளிக்கூடத்துச் சீட்டை நீட்டினாள்.
வேடம் என்ற இடத்தில் மிஸ் கையெழுத்து:
'பழங்குடி. இவளுக்குச் சுலபம்.'

இறக்கி மேசையில் பரப்பினேன்.
இலையை நிமிண்டிப் பார்த்தார்.
பாம்பைத் தூக்கி, வாலைப் பார்த்து, தலையைப் பார்த்து,
"இது இன்னா பாம்பும்மா?" என்றார்.
நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
எனக்கென்ன தெரியும், ரப்பர் பாம்பு.
"இத்த யாரு போட்டுக்கிறது?"
பழங்குடி என்றேன்.
"அது யாரு?"

மை டப்பாவின் மூடியைத் திறந்து
மறுபடி மூடினேன்.

தேசம்மா அதற்குள் போலீஸ் உடுப்பின் கீழே
அண்ணாந்து நின்றிருந்தாள்.
பித்தளைப் பட்டன், தொப்பி, கயிற்றில் விசில்.
"அப்பா, இது."

அவர் முகம் போன போக்கை
முன்பும் பார்த்திருக்கிறேன்.
ரைஸ் மில்லில் மோட்டார் காணாமல்போன வருஷம்
சூளையிலிருந்து நாலு பேரை ஜீப்பில் ஏற்றினார்கள்.
மோட்டார் முதலாளியின் மைத்துனன் வீட்டில் கிடைத்தது.
ஒன்பது நாள் கழித்து மூன்று பேர்
என் கடை வாசல் வழியாக நடந்து வந்தார்கள்,
நாலாவது ஆளைத் தூக்கிக்கொண்டு.

"வேற இன்னா கீது?" என்றார்.
காக்கியை அவர் தொடவில்லை.
குழந்தை தொட்டுக்கொண்டே இருந்தது.

நூற்றிருபது சொல்ல வேண்டியது, அறுபது சொன்னேன்.
இரக்கம் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.
மறுநாள் காலை ஏழு மணிக்கு
அரிசி மண்டி வீட்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது,
ஆதிவாசி வேடத்துக்குப் பிள்ளை மாறிவிட்டதாம்,
லோகித்துக்கு அளவு சரியாக இருக்குமா என்று.
இருக்கும் என்றேன். நூற்றைம்பது வாங்கினேன்.
மை போதாதென்றால் இன்னொரு டப்பா தருகிறேன் என்றும் சொன்னேன்.

மற்றது மைக் செட் மஸ்தான் சொன்னது.
சீட்டில் ஒன்று, போட்டு வந்தது ஒன்று என்று
தேசம்மாவை மேடையேற விடவில்லை.
லோகித் ஊ ஊ என்று குதித்தான்,
பாம்பைத் தலைக்குமேல் சுழற்றினான்.
முதல் பரிசு, டிபன் பாக்ஸ்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
தேசம்மாவும் தட்டினாளாம்.

அதற்குப் பிறகானது சூளை லாரிக்காரர் சொன்னது.
உடுப்போடே நடந்து போயிருக்கிறாள்.
குனிந்து கல் அறுத்துக்கொண்டிருந்த எல்லப்பன்
கண்ணோரத்தில் காக்கியைக் கண்டதும்
அச்சைப் போட்டுவிட்டு எழுந்து
தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்தாராம்.
எட்டு வயசுக்கு முன்னால்.
விளையாட்டென்று நினைத்து
அவள் சல்யூட் அடித்தாளாம்.

காக்கி துவைத்து மடித்துத் திரும்பி வந்தது.
விசில் இல்லை.
கணக்கு நோட்டில் பதினைந்து ரூபாய் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

ஆதிவாசி செட்டும் வந்தது,
கழுத்தெல்லாம் மை, இரண்டு இலை குறைவு.
கொக்கியில் மாட்டவில்லை.
எரிக்கவும் இல்லை.
ஆகஸ்ட் வரட்டும் பார்க்கலாம் என்று
மேசைக்கடியில் கிடக்கிறது.
கணக்குப் பார்க்கையில் காலை நீட்டினால்
சரசரக்கிறது.