நுரையீரல் பார்ப்பவன்

உருகுவே. ஜூலைக் குளிர்.
தொங்கும் மாட்டின் நெஞ்சுக்குள்
முழங்கை வரை கை விட்டு
கண்மூடித் தடவுகிறான் கெட்ஸல்.

எங்காவது ஒட்டியிருக்கிறதா,
ஒரு சவ்வு, ஒரு நூல்.
ஐயம் வந்தால்
காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துவான்.
குமிழி எழுந்தால் விலக்கு.
இன்று நூற்றுப் பத்தொன்பது.
நாற்பத்தாறு தள்ளுபடி;
அவை ஊர்க்காரர் அடுப்புக்குப் போகும்,
ருசியில் ஒரு குறையும் இல்லை.

மேல்சட்டைப் பையில்
மோன்டெவிடியோ மருத்துவமனை உறை.
வலது மேல் மடலில் நிழல் என்றாள் டாக்டர்.
எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை.
வழுவழுப்பா, சொரசொரப்பா
என்று கேட்டான்.
அவளுக்குப் புரியவில்லை.

சங்கிலி நகர்கிறது.
கை கழுவுகிறான்,
வெந்நீர், நல்ல வெந்நீர்.
இருமலை விழுங்கிக்கொண்டு
அடுத்த நெஞ்சுக்குள் கை விடுகிறான்.