அடிக்குறிப்பு

பாயான் லெப்பாஸ், சிப் தொழிற்சாலை, நாலாவது மாடி.
அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த சுவரொட்டியைத்
தமிழில் மாற்றித் தரச் சொன்னார்கள்.
மலாயும் சீனமும் முடிந்துவிட்டன,
தமிழ்தான் பாக்கி, வழக்கம்போல.

ஐந்து சொற்கள்.
இனம். நிறம். சமயம். பால். பிறந்த நாடு.
இவற்றைக் காரணம் காட்டி
எவரையும் வேலைக்கு எடுக்காமல் விடுவதோ
எடுத்தபின் தாழ்த்துவதோ கூடாது என்கிறது
அவர்கள் ஊர்ச் சட்டம்.
'பால்' என்று மட்டும் எழுதினால்
கேன்டீன் பெண்கள் சிரிப்பார்கள்,
'ஆணா பெண்ணா என்பது' எனத் திருத்தினேன்.
'பாதுகாக்கப்பட்ட வகுப்பு' என்றொரு தொடர்.
எந்த வகுப்பு? மூன்றாம் வகுப்பா?
அரை நாள் அதிலேயே போனது.

கீழே, எறும்பளவு எழுத்தில்:
அமெரிக்காவுக்கு வெளியே வேலை செய்யும்
பிற நாட்டவருக்கு இச்சட்டம் பொருந்தாது.
மனசுக்குள் அது இன்னும் சுருக்கமாக வந்தது.
உனக்கில்லை.

அன்று மாலை ஜெலுத்தோங்கில் வீடு பார்க்கப் போனேன்.
ஏஜெண்ட் மிஸ் ஊய் போனில் நன்றாகத்தான் பேசினாள்.
என் மலாய் அப்படி; குரலில் பாதிப் பேர் ஏமாந்துவிடுவார்கள்.
லிஃப்ட் வாசலில் என்னைப் பார்த்ததும்
சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
எனக்கொன்றும் இல்லை மிஸ், வீட்டுக்காரர்தான்.
மசாலா வாசம் திரைச்சீலையில் ஒட்டிக்கொள்ளுமாம்.
எனக்கு முட்டை அவிக்க மட்டும்தான் தெரியும்.
அதைச் சொல்லவில்லை. சொன்னால்
சமைக்கத் தெரிந்தவளுக்கு வீடு கிடையாது என்பதை
நானே ஒப்புக்கொண்டது போல் ஆகும்.

சனிக்கிழமை பாலம் தாண்டிப் பிறையில் இன்னொரு வீடு.
தமிழர் வீடு. எண்ணூறு வெள்ளி, தண்ணீர் சேர்த்து.
வாங்கம்மா, பசியாறினீங்களா,
மைலோ கலக்கச் சொல்லவா.
குழாயைத் திருகிக் காட்டினார்,
முன்பணம் பாதி போதும் என்றார்.
செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது,
தப்பா நினைச்சுக்காதீங்க,
அப்பா பக்கம் எந்த ஊரு?
ஊரில்லம்மா, அதாவது… நீங்க என்ன ஆளுங்க?

அமெரிக்கப் பட்டியலில் அது இல்லை.
ஆறாவது.
அதற்குத் தமிழில் சொல் தேட
யாருக்கும் அரை நாள் ஆவதில்லை.
திரும்பும்போது பாலத்தில் நெரிசல்.
நாக்கில் மைலோ இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்பினேன்,
அடிக்குறிப்பு இல்லாமல்.
மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.
ஒரு முறை அழித்து, திரும்பச் சேர்த்து,
மறுபடி அழித்தேன்.
மனிதவள அதிகாரி ஃபட்சிலா
உங்கள் எழுத்து ஜிலேபி மாதிரி அழகு என்று
கையெழுத்துப் போட்டார்.
லாக்கர் அறைச் சுவரில்,
தொலைந்த குடை அறிவிப்புக்குப் பக்கத்தில்,
தமிழில் மட்டும் அந்தச் சட்டம் எல்லோருக்கும்.

மூன்று வாரம் யாரும் படிக்கவில்லை.
பிறகொரு நாள் காலை ஏழு மணி,
இரவு ஷிப்டு கலையும் நேரம்,
குத்தகை ஆள், விருதுநகர்ப் பக்கம், மரியசெல்வி,
மாப்புக் குச்சியைச் சாய்த்துவிட்டு
ஒவ்வொரு சொல்லாய் விரலால் தொட்டுப் படித்தாள்.
அக்கா, இது நீங்க எழுதினதாமே.
எவரையும்னா எங்களையும் சேத்துத்தானே?
பாஸ்போர்ட்ட ஏஜெண்ட் வெச்சிருக்கான்.
சூப்பர்வைசர் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல,
என்ன சொல்லிக் கூப்பிடுவான்னு எழுதிக் குடுக்கலாமா?

'எவரையும்' என் சொல்தான்.
அந்தச் சட்டம் தானாகக் கடல் தாண்டவில்லை,
நான்தான் கள்ளத்தோணியில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.
பிடிபட்டால் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.
அவளுக்கு விமான டிக்கெட்.

தாள் இருக்கா அக்கா என்றாள்,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு.
உட்கார் என்றேன்.
விட்டுப்போன வரியைத் தமிழில் சொன்னேன்,
சத்தமாக, ஒரு சொல் மிச்சமில்லாமல்.
முழுக்கக் கேட்டாள்.
சரி, அது கெடக்கட்டும்,
நீங்க தாளக் குடுங்க என்றாள்.