எத்தனை அடியில்

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு அப்பால்
கண்ணில் படுகிற பொட்டலையெல்லாம் துளைத்த ஆள்
இன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்,
காரைக்குடி, கழனிவாசல் ஆஸ்பத்திரி,
ஆறாம் நம்பர் கட்டில்.
பெயர் சேவுகன். சொந்தமாக போர்வெல் வண்டி.
மதுரையில் நெஞ்சைத் திறந்து மூடிப்
பதினோரு நாள்.

நடுமார்பில் ஒரு நேர்கோடு.
கெண்டைக்காலில் இன்னொன்று; அங்கிருந்துதான்
குழாய் எடுத்து மேலே ஒட்டினார்கள்.
இருமல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது.
கட்டிக்கொள்கிறார்,
பஸ்ஸில் அடுத்தவர் பிள்ளையை வாங்கி
வைத்திருப்பதுபோல்.

ராத்திரி தூங்குவதில்லை என்கிறாள் பஞ்சவர்ணம்.
படுத்தால் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறார்.
எழுந்தால் வண்டியருகே போய் நிற்கிறார்.

ஜெல் பாக்கெட்டை வெந்நீரில் போட்டு வைத்திருந்தேன்,
அப்படியும் அவர் தோள் சிலிர்த்தது.
சவர மிஷின் அளவில் ஒரு கருவி.
வலப்பக்கம் முதலில்.
இரண்டு விலா எலும்பு, இரண்டு நிழல்,
நடுவே ஒரு வெள்ளைக் கோடு
மூச்சுக்கு மூச்சு
சிற்றெறும்புச் சாரையாய் ஊர்ந்துகொண்டிருந்தது.
"இந்தப் பக்கம் நல்லா இருக்கு" என்றேன்.
"மேல்மண்ணு" என்றார்.

இடப்பக்கம்
மூன்று விரற்கடை இறங்கியதும்
எறும்புகளைக் காணோம்.
கருப்பு.
அந்தக் கருப்பில்
சுருங்கிய நுரையீரலின் நுனி
ஊருணியில் யாரோ அலசுகிற துண்டுபோல
அசைந்து அசைந்து

திரையை அவர் பக்கம் திருப்பியது என் தப்பு.
"கருப்புதான் தண்ணியா டாக்டர்?"
ஆமாம்.
"எத்தனை அடியில?"

சென்டிமீட்டரில் சொன்னேன். தோலிலிருந்து இரண்டரை.
சிரிக்கப் பார்த்தார். எலும்பைக் கட்டிய கம்பி இழுத்தது.
தலையணையை இறுக்கினார்.

சிறுவயலில் சொந்த நிலத்தில் மூன்று குழி போட்டவர்.
அறுநூறு. எழுநூற்று இருபது. மூன்றாவது ஆயிரம்.
செம்புறாங்கல் தாண்டி, களி தாண்டி,
பாறை மாவு பறந்து ஆட்களெல்லாம் வெள்ளையானார்கள்.
தேங்காய் எழுந்து நின்ற இடங்களாம் மூன்றும்.
"காத்துதான் வருது" என்று
ஊராருக்குச் சொல்லிப் பழகிய வாயால்
பெண்டாட்டிக்கும் சொன்னாராம்.
நீரோட்டம் பார்த்தவருக்குக் கொடுத்த காசை
அவள் இன்னும் மறக்கவில்லை.
"அங்க வராம இங்க வந்து நிக்குது பாரு" என்றாள்.
அவரைத் திட்டினாளா, தண்ணீரையா, தெரியவில்லை.

மரத்துப்போக ஒரு ஊசி.
பிறகு விலாவின் மேல்விளிம்பை ஒட்டி இன்னொன்று,
கருப்புக்குள் வெள்ளிக் கீறலாய் அது நுழைய
குழாயில் இறங்கியது
செம்மண் கரைந்த நிறத்தில்.
நூறு. இருநூற்றைம்பது.
பாட்டிலின் கோடுகளைப் பஞ்சவர்ணம் வாய்விட்டு எண்ணினாள்.
அறுநூற்றைம்பதில் இருமினார். நிறுத்தினேன்.
நுரையீரல் விரிகிறது, அதுதான் இருமல்,
சொல்வதற்குள் அவர் கேட்டுவிட்டார்:
"மறுபடி ஊறுமா?"

அவர் தொழிலில் இதைக் கேட்கிறவர்கள்
ஊறும் என்ற ஒரு சொல்லுக்காகக்
கைகட்டி நிற்பார்கள்.
ஊறலாம். ஊறாமலும் போகலாம்.
வியாழக்கிழமை வாங்க, பார்ப்போம்.

வியாழக்கிழமை கரண்ட் இல்லை.
கருவியில் பாட்டரி ஒரு கோடு.
கேட்காமலே திரும்பி உட்கார்ந்தார்,
தலையணை பஞ்சவர்ணத்தின் மடியில்.
இடப்பக்கம். கீழே. இன்னும் கீழே.
அடியில் நகக்கண் அளவு கருப்பு.
அதற்கு மேலே எறும்புகள்,
கொஞ்சம் தடுமாறி, பிறகு வரிசையாக.

இந்த முறை அவர் திரையைப் பார்க்கவில்லை,
கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார்.
"என்ன வருது?"

காத்து, என்றேன்.

"காத்துதான் வருதாம்" என்றார் பஞ்சவர்ணத்திடம்,
சத்தமாக,
பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பிப் பார்க்கும்படி.